பன்னிரண்டாவது பக்கம்

மசக்காளிபாளையத்தில் லேத் பட்டறைகளுக்கும் மாவு மில்லுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற பெரியாத்தா காம்பவுண்டில் ஐந்து வீடுகள், பதினொரு பேர், ஒரு குழாய். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் காலையிலிருந்து அந்தப் பதினொரு பேரில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் அசைய முடிந்தது, மற்ற பத்துப் பேரும் பல் துலக்கிய கையோடும், பாதி இறக்கிய குடத்தோடும், கொட்டாவிக்குத் திறந்த வாயோடும் அப்படியே நின்றார்கள், ஒரு தோசை ஒரு பக்கம் வேகிற நேரம் ஆனதும் அசைந்தவர் நின்று அடுத்தவர் அசைந்தார். கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டால் ஒன்றுமில்லை, எல்லோரையும்போல நடக்கலாம், ஓடலாம், சேர்ந்து சண்டை போடலாம். உள்ளே மட்டும் அசைவு என்பது ஒன்றே ஒன்றுதான், அது முறை வைத்துச் சுற்றி வந்தது. ஏன் என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு கேட்பதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் முறை முடிந்துவிடும்.

வீட்டை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதானே என்று வெளியாட்கள் சுலபமாகச் சொன்னார்கள். சொல்ல மாட்டார்களா பின்னே! அந்தக் குழாயில் நாள் தவறாமல் சிறுவாணித் தண்ணீர் வந்தது, அதைக் குடித்துப் பழகிய நாக்கு உப்புத் தண்ணீருக்குத் திரும்புமா, ஆகவே ஒருவரும் காலி செய்யவில்லை, காலி செய்வதற்குப் பதிலாகக் கற்றுக்கொண்டார்கள். மனிதர்கள்தான் நின்றார்களே தவிர அடுப்பு நிற்கவில்லை, பால் நிற்கவில்லை, மாவு புளிப்பதும் நிற்கவில்லை, அதனால் எல்லோரும் அடுப்பைச் சிம்மில் வைக்கப் பழகினார்கள். தூங்குகிறவர்களையும் கண்ணை மூடிக்கொண்டவர்களையும் முறை தாண்டிப் போய்விடுகிறது என்று தெரிந்ததும், அவசரக்காரர்களுக்காக மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்வது அங்கே ஒரு மரியாதை ஆயிற்று. பால்காரர் ஒருமுறை உள்ளே வந்து முக்கால் மணி நேரம் சொம்போடு நின்ற பிறகு கேட்டுக்கு வெளியிலிருந்தே ஊற்றினார். பேச வேண்டியதை எல்லாம் மாலை ஐந்து மணிக்குக் காம்பவுண்டே திரண்டு வெளியே வந்து டிரான்ஸ்ஃபார்மர் அடியில் நின்று பேசிக்கொண்டது.

ஆனால் ஒரு தொந்தரவு மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. முறை கைமாறும்போது முன்னவர் மனதிலும் கையிலும் இருந்தது பின்னவருக்கு வந்து ஒட்டிக்கொண்டது, பின்னவருடையது எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. லேத் பட்டறை ஃபோர்மேன் ஆறுச்சாமி பாதி மழித்த தாடையோடு நின்றவர், முறை வந்ததும் கையில் இருப்பது எதற்கென்று தெரியாமல் ரேசரைக் கீழே போட்டுவிட்டு, ரவிக்கைக்கு இன்னும் எத்தனை கொக்கி வேண்டும் என்று எண்ணத் தொடங்கினார். அது மூன்றாம் வீட்டு ஜன்னத் எண்ணிக்கொண்டிருந்த கணக்கு. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற சின்னராசு ஒரே குழம்புக்கு மூன்று தடவை உப்புப் போட்டான். அவன் மனைவி சுகந்தி அப்போது ஐந்து மாதம், அவளுக்கு மாத்திரை போட்டோமா இல்லையா என்பது மறந்து மறந்து போயிற்று.

இது வெறும் மறதி இல்லை என்று கண்டுபிடித்தவள் முதல் வீட்டு மகுடேஸ்வரி. கொடுமுடிக்காரி, முப்பத்து நாலு வயது, தனியாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். எந்த இருவருக்கும் நடுவே அசைவு ஒரு கணம் தன்னிடம் வந்துவிட்டுத்தான் போகிறது என்பதையும், அந்தக் கணத்தில் முன்னவருடையதெல்லாம் தன் கையில் சூடு ஆறாமல் இருப்பதையும் அவள் மூன்றாம் நாளே கவனித்துவிட்டாள். அவள் வழியாக ஏன் போக வேண்டும் என்றால், போயிற்று, அவ்வளவுதான். அவள் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினாள், ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கினாள், வலது கையில் என்ன, இடது கையில் என்ன, எந்தக் கால் முன்னால், நாக்கில் எந்தச் சொல் பாதியில், மனதில் என்ன கணக்கு என்று சுருக்கெழுத்தில் எழுதி, கடைசி வரியாக 'அடுத்து' என்று போட்டு அடுத்து என்ன செய்ய இருந்தார்கள் என்பதையும் எழுதினாள். பிறகு முறைக்குரியவரின் பக்கத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தாள். படிக்கப் படிக்க அது அவரிடம் போய்ச் சேர்ந்தது, 'அடுத்து' என்ற வரியைப் படித்ததும் அசைவும் அவரிடம் போய்விட்டது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், முறை தன்னிடம் வந்ததும் அவள் தன்னுடையதாக ஒன்றையும் நினைக்கக் கூடாது. ஐயோ இடுப்பு வலிக்கிறதே என்று நினைத்தால்கூடப் போச்சு, அந்த இடத்தில் இருந்த முன்னவர் நினைப்பு அழிந்துவிடும். முதலில் எழுத வேண்டும், பிறகுதான் தானாக வேண்டும்.

"அதென்ன அம்மிணி, எங்களுக்கெல்லாம் ஓடாத புத்தி உனக்கு மட்டும் ஓடுச்சு?" என்று ஆறுச்சாமி டிரான்ஸ்ஃபார்மர் அடியில் கேட்டார்.

"எனக்கு இதுதாங்கண்ணா பொழப்பே. கம்ப்யூட்டருக்குள்ள ப்ராசஸர்னு ஒண்ணு இருக்குது. செய்யறது அது ஒண்ணு, வேலை நூறு. கொஞ்ச நேரம் இதைப் பார்க்கும், கொஞ்ச நேரம் அதைப் பார்க்கும். அது கையில வச்சிருக்கற சாமானுக்கு ரெஜிஸ்டர்னு பேரு. வேலை மாறறப்ப அதை எழுதி வைக்கலீன்னா அடுத்த வேலை வந்து அழிச்சுப்போடும். எழுதி வச்சு, மறுபடி முறை வர்றப்ப ஒண்ணு விடாம எடுத்துக் குடுக்கறதுக்குக் கெர்னல்னு ஒரு ஆளு. அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுக்கறதுதான் என்ற வேலை."

"இதுக்கா இத்தன பெரிய படிப்பு? ஷிப்ட் மாறறப்ப மெஷின் மேல சாக்பீஸ்ல எழுதிட்டுப் போவமே, எத்தன பீஸ் அறுத்தாச்சு, எந்த டூல் மாட்டியிருக்குதுன்னு. அதான?"

"அதேதாங்கண்ணா," என்றாள் மகுடேஸ்வரி. அவளுக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து காம்பவுண்டு சக்கரம் போட்டதுபோல ஓடியது. அவள் கேட்டைத் தாண்டினால் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரும் நின்றபடி காத்திருந்தார்கள், அவள் இரவு பத்து மணிக்குப் படுத்தால் காம்பவுண்டே படுத்தது. அவள் வீட்டுக்கு ஆள் மாற்றி ஆள் சோறு கொடுத்தார்கள். சின்னராசு தன் மனைவி குறுக்கே பேசாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தது கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் இப்போதுதான் என்றான், அதைத் தெருவில் வைத்துச் சொன்னதால் சுகந்தி குறுக்கே பேசினாள்.

நன்றாகப் போனால் மனுஷருக்குச் சோம்பல் வரும், மகுடேஸ்வரிக்கும் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கீழ்ப்பாதி கனமானது; துக்கம், வேண்டுதல், மனசுக்குள் ஓடுகிற பாட்டு எல்லாம் அங்கே. அதை எழுதத்தான் நேரம் பிடிக்கும், அதைத் தொடுகிறவர்களோ குறைவு. குடம் நிரப்புகிறவருக்கு எதற்குத் துக்கம்? கம்பெனியில் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: கனமானதை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது, அடுத்தவர் அதைத் தொட வந்தால் அப்போது பார்த்து மாற்றிக்கொள்வது. அந்த வழியை அவளும் பிடித்துக்கொண்டாள். மேல்பாதியை மட்டும் எழுதினாள், படித்தாள், நேரம் மிச்சமாயிற்று, கொஞ்சம் காற்றாட உட்காரக்கூட முடிந்தது.

புரட்டாசி முதல் வாரம், மாலையில் எல்லோரும் வெளியே நிற்கும்போது, குழாய்ச் சண்டையில் யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆறுச்சாமி சுகந்தியின் முன்னால் வந்து நின்று தாரை தாரையாக அழுதார். "தாரிணீ... மகிழா..." என்றார். "நான் உங்களத் தூக்கவே இல்லியே சாமி" என்றார். ஏன் அழுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை, துண்டால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

சுகந்தியின் முகம் வெளுத்துவிட்டது. இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் அவளுக்குத் தங்கவில்லை, ஒன்று ஆறாம் மாதத்தில், ஒன்று பிரசவ மேசையிலேயே. அந்த இரண்டுக்கும் அவள் பெயர் வைத்திருந்தாள், அந்தப் பெயர்களைக் கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"அக்கா, என்ற மனசுல கெடந்தது இவருகிட்ட எப்படிப் போச்சு?"

மகுடேஸ்வரி பொய் சொல்லவில்லை. "உனக்கப்பறம் அவரு முறை. கீழ்ப்பாதிய நான் எடுக்காம அப்படியே வுட்டுட்டேன் சுகந்தி. தொட மாட்டாருன்னு நெனச்சேன். அவரு தொடலைதான், ஆனா எட்டிப் பார்த்திருக்காரு. தப்பு என்மேலதான்."

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானுங்க்கா," என்றாள் சுகந்தி. அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலாம் என்று மகுடேஸ்வரிக்கு இருந்தது. "மாசாணியம்மன் மேல சத்தியம் பண்ணுங்க. என்ற பக்கத்துல இருந்து ஒரு வரி கூட இன்னொருத்தருக்குப் போகக் கூடாது."

மகுடேஸ்வரி நடுத்தெருவில் வைத்துச் சத்தியம் செய்தாள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு முறையும் கீழ்ப்பாதி முழுவதையும் எழுதினாள், எழுதியதும் தன்னிடம் ஒட்டியிருந்ததைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குத் தந்தாள், விரல் வீங்கினாலும் ஒரு வரி விடவில்லை. சுகந்தி அவளோடு அதற்குப் பிறகு தேவைக்கு மட்டுமே பேசினாள். அது மகுடேஸ்வரிக்கு மிகவும் வலித்தது.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடித்துச் சுகந்தியை அன்னூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஆனால் ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலை பத்தரை மணிக்கு, எட்டு மாதம் முடிய நாலு நாள் இருக்கையில், சுகந்தியிடமிருந்து வந்த முறையோடு மகுடேஸ்வரியின் இடுப்பில் ஒரு வலி வந்து இறங்கியது. அம்மாடி, அப்படி ஒரு வலியை அவள் பிறந்ததிலிருந்து அறிந்ததில்லை. அது தன் வலி இல்லை, எழுத வேண்டிய வலி என்பதால் ஐயோ என்று நினைக்காமல் அதை எழுதினாள், எழுதி முடித்த பிறகுதான் 108 ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள், மழையில் வண்டி வர நேரமாகும் என்றார்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உள்ளே ஆறு பேர் இருந்தார்கள், சின்னராசு பட்டறைக்குப் போயிருந்தான். ஆறுச்சாமியின் முறை போய் வந்தபோது அவர் நாக்கில் இருந்த சொல் மகுடேஸ்வரிக்குக் கிடைத்தது: 'என்ற மொறையும் அந்தப் புள்ளைக்கே போகட்டும்.' அவருடைய 'அடுத்து' வரியில் கேட்டைத் தாண்டு என்றிருந்தது. நீ எனக்கு முன்னால் குடம் வைத்தாயா என்று நாள் முழுக்கக் கத்துகிற மனுஷர் கொட்டுகிற மழையில் தெருவில் போய் நின்றார், அவரைப் பார்த்து மற்ற இருவரும் அவரவர் முறையில் கேட்டைத் தாண்டினார்கள். உள்ளே மிச்சம் இருந்தவர்கள் சுகந்தி, நடுவில் மகுடேஸ்வரி, அப்புறம் ஜன்னத். ஜன்னத் தையல் மெஷின் வாங்குவதற்கு முன் எட்டு வருஷம் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவள். தலை தெரிகிறது, இனிமேல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடக் கூடாது என்று அவள் பக்கத்தில் இருந்தது.

சுகந்தி, மகுடேஸ்வரி, ஜன்னத், மகுடேஸ்வரி, சுகந்தி. வலி வந்தது, எழுதினாள், ஜன்னத்தின் பதறாத கைகளை எடுத்துக் கொடுத்தாள், அந்தக் கைகள் வந்தன, எழுதினாள், சுகந்தியின் வலியைச் சிந்தாமல் எடுத்துத் திருப்பிக் கொடுத்தாள். சுகந்தி முக்கினாள், நின்றாள், முக்கினாள், நின்றாள். மகுடேஸ்வரி நோட்டோடு எழுந்து தன் கணங்களில் இரண்டிரண்டு அடியாக நடந்து சுகந்தியின் நான்காம் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாவது சுற்றிலோ பதிமூன்றாவது சுற்றிலோ சுகந்தி அலறினாள், அலறல் பாதியில் இருக்கையில் முறை முடிந்தது, ஜன்னத்தின் முறையில் பிள்ளை அவள் கைக்கு வந்துவிட்டது. பெண் பிள்ளை. தொப்புள் கொடி இன்னும் அறுக்கவில்லை, அதனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டவும் வழியில்லை. ஜன்னத் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள், அவள் முறை முடியும்வரை பிள்ளை அசையவில்லை, அழவில்லை.

முறை மகுடேஸ்வரிக்கு வந்தது. ஜன்னத்தினுடையதை எழுதி முடித்ததும் அவளுக்கு விஷயம் விளங்கியது. வயிற்றுக்குள் இருந்தவரை அம்மாவின் முறைதான் பிள்ளையின் முறை, வெளியே வந்தபின் அது தனி ஆள், பன்னிரண்டாவது ஆள். அசைவு என்பது நின்றவர்களிடம்தான் திரும்பிப் போகும், இந்தப் பிள்ளையோ ஒருபோதும் நின்றதில்லை, ஏனென்றால் இன்னும் தொடங்கவே இல்லை. நின்றவர்களுக்கு எத்தனை நேரமானாலும் ஒன்றும் ஆகாது. தொடங்காதது அடுப்போடும் பாலோடும் சேர்த்தி, ஆறிப் போகும். பிள்ளையின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது.

அவள் நோட்டில் பன்னிரண்டாவது பக்கத்தைத் திறந்து, வெறும் பக்கத்தையே படித்துப் பார்த்தாள். அசைவு புறப்பட்டது, போய்ச்சேர இடமில்லாமல் அவளிடமே திரும்பி வந்துவிட்டது. அடுத்து என்ன என்று எழுதாத பக்கத்துக்கு எப்படிப் போகும்? மடச்சி, மடச்சி என்று தன்னைத் திட்டிக்கொண்டாள், தினமும் செய்கிற வேலை கைக்கு வரவில்லையே. கெர்னல் புதிதாக ஒன்றைப் பிறக்க வைக்கும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து நடுவில் நின்றதுபோல அதற்கு ஒரு பொய்ப் பக்கம் எழுதி வைக்கும். அந்தப் பக்கத்தை எதைப் பார்த்து எழுதும்? பெற்றதைப் பார்த்து.

சுகந்தியின் பக்கத்தைத் திறந்தாள். ஒரு வரி கூட இன்னொருத்தருக்குப் போகக் கூடாது என்று மாசாணியம்மன் மேல் செய்த சத்தியம் அங்கேயே நின்றது. கேட்டுவிட்டுச் செய்யலாம் என்றால் சுகந்திக்கு ஒரு முழு முறை தர வேண்டும், அதுவரை அந்த உதடு தாங்காது. ஆத்தா, வந்து என்னைக் கேள், அவளைக் கேட்காதே என்று சொல்லிக்கொண்டு மகுடேஸ்வரி எழுதத் தொடங்கினாள்.

வலது கை: இறுகப் பிடித்திருக்கிறது. இடது கை: அப்படியே. மூச்சு: உள்ளே இழுத்தாகிவிட்டது. தொண்டை: அலறல், பாதியில். கீழ்ப்பாதிக்கு வந்தபோது பேனா நின்றது. அங்கே இரண்டு பெயர்களும் ஆறு வருஷத்து அழுகையும் கிடந்தன. அதில் ஒரு சொல்லைக்கூட அவள் எடுக்கவில்லை, பிள்ளையின் பக்கத்தில் கீழ்ப்பாதி முழுவதும் வரிக்கு வரி சைபர் போட்டாள். இனி ஒரு வரி பாக்கி. ஒரே இடத்திலிருந்து இரண்டு பேர் எழுந்து வரும்போது நான் பெற்றவளா பிறந்தவளா என்று அவர்களுக்கே தெரிய வேண்டும், அதற்கு ஒரு வரி உண்டு. பெற்றவளின் வரியில் பிள்ளை இருக்கும், பிறந்ததின் வரியில் சைபர் இருக்கும். அந்தச் சைபரையும் போட்டு, 'அடுத்து: கத்து' என்று முடித்துப் படித்தாள்.

அசைவு திரும்பி அவளிடம் வந்தபோது அவள் தொண்டை எரிந்தது. கண்ணுக்குள் தாங்க முடியாத வெளிச்சம், தோலெல்லாம் குளிர், சொல் என்று ஒன்றும் இல்லை, காற்று, காற்று, காற்று. சந்தோஷப்பட அவளுக்கு அனுமதி இல்லை, முதலில் எழுத வேண்டும், எழுதினாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். பிள்ளையின் வாய் அகலத் திறந்திருந்தது, முகம் செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. தெருவில் ஆறுச்சாமி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மழையில் குதித்துக்கொண்டிருந்தார், அந்தப் பாதி அலறல் விட்ட இடத்திலிருந்து தொடங்கி மாவு மில்வரை கேட்டிருக்கிறது.

அடுத்தது சுகந்தியின் முறை. அவள் பக்கத்தைப் படிக்க வாயைத் திறந்த மகுடேஸ்வரி சட்டென்று மூடிக்கொண்டாள். சுகந்தி அசையும்போது பிள்ளை நின்றிருக்கும். சத்தம் இருக்காது, நெஞ்சு ஏறி இறங்காது, கண் இமைக்காது. இரண்டு தடவை பார்த்ததையே மூன்றாவது தடவையும் அவள் பார்ப்பாள், சொல்லித் தேற்ற அசைகிற ஆள் ஒருவரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். பாவி, அந்த ஒரு தோசை நேரத்தை எப்படித் தாங்குவாள்?

இத்தனை மாதத்தில் மகுடேஸ்வரி யாருடைய பக்கத்திலும் அவரவருடையது இல்லாத ஒன்றை எழுதியதில்லை. இப்போது எழுதினாள். பெற்றவளின் வரியில் 'பெண் பிள்ளை. அழுதாச்சு. நின்றிருக்கிறது, அவ்வளவுதான்' என்று எழுதி, அலறலின் மிச்சப் பாதி, வலி, இரண்டு பெயர்கள், அழுகை என்று ஒன்று விடாமல் படித்து, 'அடுத்து' வரையும் படித்தாள்.

திரும்பி வந்தபோது அவள் பார்க்கவில்லை, முதலில் எழுதத்தானே வேண்டும். வலது கை: பிள்ளையின் தலை. இடது கை: பிள்ளையின் முதுகு, ஈரம். தொண்டை: அலறி முடித்தாயிற்று. காதில்: தன் அலறலே, பிள்ளையின் குரலில். நாக்கில்: 'சத்தியத்த மீறிப்போட்டீங்கல்லக்கா' என்பது பாதியில். பயம் எழுதும் இடத்துக்குப் பேனா போயிற்று, அங்கே எழுத ஒன்றுமே இல்லை. மகுடேஸ்வரிக்கு எழுத்து கலங்கித் தெரிந்தது, ஆனாலும் கடைசி வரியை விடவில்லை. அடுத்து: பால் குடுக்கணும்.